பாட்டி "வாயப்பயம்" என்கிறார், பேத்தி "வாளைப்பளம்" என்று எழுதுகிறாள்

பேரணாம்பட்டு அம்மா:

என் மகள் நான்காம் வகுப்பு. நன்றாகப் படிப்பாள், ஒரு கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள். சொல்வதை எழுதச் சொன்னால்தான் வம்பு. நேற்று இருபதுக்கு ஒன்பது. கிணறு "கிணரு", ஒன்று "ஒண்று", முயற்சி "முயற்ச்சி", வாழைப்பழம் "வாளைப்பளம்". தப்பான சொல்லை எல்லாம் பத்துப் பத்துத் தடவை எழுத வைக்கிறேன். எழுதுகிறாள். அடுத்த வாரம் அதே தப்பு வருகிறது, கொஞ்சம் அழகான கையெழுத்தில்.

நான் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன். வீடு வர ஏழாகிவிடும். அதுவரை அவள் என் மாமியாரோடுதான். அவர் பேச்சு அந்தக் காலத்துப் பேச்சு: "வாயப்பயம்", "கெணத்துல", "இஸ்துகினு". அதைக் கேட்டுத்தான் இவள் எழுத்து கெடுகிறதோ என்று, பிள்ளை முன்னால் அப்படிப் பேசாதீர்கள் அத்தை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. எழுத்துப்பிழைக்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

தீப்பெட்டி டீச்சர், குடியாத்தம்:

முதலில் அத்தையோடு சமாதானம் ஆகுங்கள்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு வேண்டிய பாதிப் பாடம் அவர் வாயில் இருக்கிறது.

"கெணத்துல" என்கிறாரே, கிணற்றுக்கு எந்த ர என்பதை அதிலேயே சொல்லிவிட்டார். ஆறு, ஆத்துல. சோறு, சோத்துல. கயிறு, கயித்துல. தெருவை மட்டும் தெருவுல என்போம், "தெத்துல" என்று யாரும் சொல்லமாட்டோம். இப்படி "த்துல" என்று மடங்குகிற சொல்லுக்கு எழுத்தில் று. தெரு, எரு எல்லாம் மடங்காது, அங்கே ரு. எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். குடியேற்றம் என்று இருந்தது வாயில் தேய்ந்து குடியாத்தம் ஆனது.

ழகரமும் அப்படித்தான். பழம் பயம், கிழங்கு கெயங்கு, வாழை வாய. நம் பக்கத்துப் பெரியவர்கள் ழ இருக்கும் இடத்தில்தான் ய சொல்வார்கள். புளியை "புயி" என்றோ பள்ளத்தை "பய்யம்" என்றோ அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ழவையும் ளவையும் ஒன்றாகவே சொல்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடையாது. இவளுக்கு இருக்கிறது, பாட்டி பேசினால்!

நான் சாயந்திரம் டியூஷனில் செய்வதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் காலித் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை, அதனால்தான் இந்தப் பெயர். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் சொற்களை எழுதி, ரகர றகர இடத்தை மட்டும் காலியாக விடுவேன். பிள்ளை சீட்டை எடுத்து, சொல்லை "ல" போட்டு நீட்டிச் சொல்லிப் பார்த்து, று பெட்டியிலோ ரு பெட்டியிலோ போட வேண்டும். விதியை நான் சொல்வதில்லை. நாலைந்து நாளில் யாராவது ஒரு வாண்டு, "டீச்சர், த்துன்னு வந்தா இந்தப் பெட்டி" என்று கத்தும். அன்றைக்கு எல்லாருக்கும் கடலை மிட்டாய்.

ஒரு வாரத்துக்கு ஒரு ஜோடிதான். ர, ற நடக்கும்போது ன, ண பக்கம் போகாதீர்கள், குழம்பும். அடுத்த வாரம் கூட்டாளி எழுத்து: கன்று, தென்றல்; வண்டு, நண்டு; பந்து, சந்தை. றவுக்குக் கூட்டாளி ன், டவுக்கு ண், தவுக்கு ந். "ஒண்ணு" என்று பேசலாம், ஆனால் "ண்ற" என்ற ஜோடி தமிழிலேயே இல்லை. அதற்கப்புறம் ல, ள: கல் கற்கள், பல் பற்கள், சொல் சொற்கள் ஒரு பெட்டி, முள் முட்கள், ஆள் ஆட்கள் இன்னொன்று. ல் மாறினால் ற், ள் மாறினால் ட். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயைக் கையில் கொடுத்து "முட்கள்" என்று சொல்ல வையுங்கள், அந்த ள் மறக்காது.

இதில் சொல்வளமும் சேர்ந்து வரும். ஏறு, ஏற்றம், மாறு, மாற்றம், தோன்று, தோற்றம் என்று அடுக்கிய பிள்ளை, "நாற்றம்" என்ற சொல்லைப் பார்த்ததும் "நாறு"வா என்று தானே கேட்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்.

பாலாற்று மணல்:

இவ்வளவு சுற்றுவானேன்? பத்துத் தடவை எழுதித்தான் நாங்கள் எல்லாம் படித்தோம்.

தீப்பெட்டி டீச்சர், குடியாத்தம்:

எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் பெட்டி என்று தெரிந்தபின் இரண்டு தடவை போதும். தெரியாமல் எழுதும் பத்தில், ஐந்தாவதிலேயே தப்பு புகுந்துவிடுகிறது, மீதி ஐந்தும் அந்தத் தப்புக்கான பயிற்சி.

ஆற்காட்டுக்காரன்:

"முயற்ச்சி"யை யாரும் தொடவில்லையே. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து ஒட்டாது. முயற்சி, பயிற்சி, நட்பு, வெட்கம். தொல்காப்பியத்திலேயே இதற்கு விதி இருக்கிறது, ஆனால் பிள்ளைக்குக் காட்பாடி ஸ்டேஷன் பலகை போதும். காட்ப்பாடி என்று எழுதினால் கண்ணே உறுத்தும். ர், ழ் பின்னால் ஒட்டும்: வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை. எங்கள் ஊரை ஆற்காடு என்றும் எழுதுகிறார்கள், ஆர்க்காடு என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் இந்தக் கணக்குக்கு ஒத்துவரும். "ஆற்க்காடு" மட்டும் எந்தக் கணக்கிலும் வராது, அதையும் ஒரு பெட்டிக்கடையில் பார்த்துவிட்டேன். 2019-இல் மாவட்டம் பிரிந்து ராணிப்பேட்டைக்குப் போனதில் நிறையப் பலகையை மாற்றினார்கள், அதை விட்டுவிட்டார்கள்.

பேரணாம்பட்டு அம்மா:

பதினைந்து நாள் ஆயிற்று. தீப்பெட்டி கிடைக்கவில்லை, இரண்டு டிபன் டப்பா வைத்துக்கொண்டோம். சீட்டு எடுப்பது இவள், "ல" போட்டுச் சொல்வது அத்தை. நான் வேலையிலிருந்து வருவதற்குள் முடித்துவிடுகிறார்கள். கிணறு, வயிறு சரியாக வருகிறது. ஆனால் முந்தாநாள் "மரற்றில் குரங்கு" என்று எழுதி வைத்திருக்கிறாள்! மரத்துல என்பதும் த்துலதானே என்று என்னையே கேட்கிறாள். என்ன பதில் சொல்ல?

தீப்பெட்டி டீச்சர், குடியாத்தம்:

அடடா, கெட்டிக்காரி. அது நல்ல தப்பும்மா, திட்டாதீர்கள். "ல"வை எடுத்துவிட்டு வெறும் சொல்லைக் கேளுங்கள். மரம், குளம், பள்ளம் என்று ம்-இல் முடிந்தால் அது த்தவாகவே இருக்கும். மூன்றாவது டப்பா ஒன்று எடுத்து வையுங்கள்.

பேரணாம்பட்டு அம்மா:

ஊறுகாய் டப்பாவை அத்தை இப்போதே கழுவப் போட்டுவிட்டார்.