மறு: மாஸ்டர்ஸ் பை ரிசர்ச்: ‘ஆய்வியல் நிறைஞர்’ என்றே எழுதிவிடலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ‘மாஸ்டர்ஸ் பை ரிசர்ச்’, அதாவது ஆய்வால் பெறும் முதுநிலைப் பட்டத்துக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்; விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தேன்.

> தமிழ்நாட்டில் ஐம்பது ஆண்டாக வழங்கும் சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு ஒன்று? ‘ஆய்வியல் நிறைஞர்’ என்றே போட்டுவிடலாமே.

கோவை ஐயா எழுதிய இந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். எம்.ஃபில். (மாஸ்டர் ஆஃப் ஃபிலாசஃபி) பட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் ‘ஆய்வியல் நிறைஞர்’ எனக்கும் பிடித்த சொல். என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ‘ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக அளிக்கப்பெறும் ஆய்வேடு’ என்று அச்சாகி வந்த அன்று, அந்தப் பக்கத்தை அப்பாவிடம்தான் முதலில் காட்டினேன். அறிஞர், கலைஞர், கவிஞர் என்ற வரிசையில் இயல்பாக உட்காரும் சொல் அது. முனைவர் என்ற சொல்லைப் போலவே, பட்டத்தை மட்டும் சொல்லாமல் அதைப் பெற்ற ஆளையும் அழைக்க உதவுகிறது. அந்தச் சொல்லில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அதை வேறொன்றின் மேல் போர்த்துவதில்தான் எனக்கு மறுப்பு.

காரணம் படிநிலை. இந்தியாவில் எம்.ஃபில். முதுநிலைப் பட்டத்துக்கு மேல் நின்ற ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகளை எடுத்துப் பாருங்கள். எம்.ஃபில். சேர முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டியிருந்தது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வு இருந்தது. குறைந்தது இரண்டு பருவம், மிகுந்தால் நான்கு பருவம். அதாவது எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்தவர் அதற்கு மேல் ஏறிய படி அது. இங்கிலாந்திலோ ஹாங்காங்கிலோ அப்படியில்லை. நல்ல தகுதியுடன் இளநிலை முடித்தவர் நேரே எம்.ஃபில். சேரலாம்; அங்கே எம்.ஃபில். என்பதே முதுநிலைதான். எழுத்து ஒன்று, படி வேறு. இரண்டையும் ‘ஆய்வியல் நிறைஞர்’ என்று எழுதினால், வாசிக்கும் பிள்ளைக்கு ‘முதலில் எம்.எஸ்சி. முடிக்கணும் போல’ என்றுதான் தோன்றும். இளநிலையோடு விண்ணப்பித்திருக்கக்கூடிய ஒருவர் இரண்டு ஆண்டை இழப்பார்.

இன்னொன்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். படிப்பைக் கைவிடச் சொன்னது. 2022 நவம்பரில் வந்த முனைவர் பட்ட விதிகள், உயர்கல்வி நிறுவனங்கள் இனி எம்.ஃபில். நடத்தக் கூடாது என்றே சொல்லிவிட்டன. அதற்கு முன் தொடங்கியவர்களின் பட்டத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆகவே ‘ஆய்வியல் நிறைஞர்’ இப்போது பல ஆயிரம் பேரின் சான்றிதழிலும் பணிப்பதிவேட்டிலும் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பட்டத்தின் பெயர். அது அப்படியே இருக்கட்டும். இடம் காலியாகிவிட்டதே என்று வேறு பட்டங்களுக்கு அதை எடுத்துக் கொடுத்தால், பத்து ஆண்டு கழித்து ஒரு சான்றிதழைப் பார்ப்பவருக்கு எது எது என்று பிரித்தறிய முடியாது.

அடுத்து, யாழ்ப்பாணத்து அக்கா முன்வைத்த ‘முதுதத்துவமாணி’, அதாவது எம்.ஃபில். பட்டத்துக்கு இலங்கையில் வழங்கும் பெயர். இந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். மாணி என்றால் மாணவன், பிரமசாரி. வாமனனைக் குறள்மாணி என்பது நம் மரபு. கலைமாணி (பி.ஏ.), விஞ்ஞானமாணி (பி.எஸ்சி.), முதுமாணி (முதுநிலைப் பட்டம்) என்று இலங்கையில் ஒரே வேரிலிருந்து குடும்பமாகவே வளர்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த ஒழுங்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நடுவில் இருக்கும் ‘தத்துவம்’ எனக்கு இடறுகிறது. பட்டப்பெயரில் உள்ள ‘ஃபிலாசஃபி’ பழைய ஐரோப்பியப் பல்கலைக்கழக வழக்கின் எச்சம். அறிவுத்துறை முழுவதையும் குறித்த சொல். நண்டின் ஓட்டை ஆராய்ந்தவரும் முதுதத்துவமாணி ஆகிறார். தமிழ்நாட்டார் அந்த எழுத்தை விட்டுவிட்டு, அந்த மாணவர் என்ன வேலை செய்தார் என்று பார்த்து ‘ஆய்வியல்’ என்றார்கள். இந்த ஓர் இடத்தில் தமிழ்நாட்டு வழியே தெளிவு என்பது என் கருத்து.

இதெல்லாம் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். என் மாணவி ஒருத்தி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். உங்கள் முதுநிலைப் பட்டம் பாடங்கள் வழியாகப் பெற்றதா, ஆய்வு வழியாகப் பெற்றதா என்று ஒரு கேள்வி. “சார், நான் கடைசி செமஸ்டர் ஃபுல்லா ப்ராஜெக்ட்தானே பண்ணினேன்? அப்ப ரிசர்ச்னு போடலாம்ல?” என்று கேட்டாள். என்னிடம் உடனே விடை இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு தொடரையும் சொன்னேன். தமிழில் விளக்கப் போனபோது சொல் இல்லாமல் சுற்றி வளைத்தேன். சொல் இல்லாததால் அந்த வேறுபாடே எனக்குத் தெளிவாக இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு விதிகளைத் தேடிப் படித்தேன். பட்டங்களைப் படிநிலைப்படி வரிசைப்படுத்தும் ஆஸ்திரேலியாவின் தகுதிச் சட்டகம், பாடங்களால் பெறும் முதுநிலையையும் ஆய்வால் பெறும் முதுநிலையையும் ஒரே 9ஆம் நிலையில்தான் வைக்கிறது. முனைவர் பட்டம் 10ஆம் நிலை. ஆனால் ஆய்வு முதுநிலை என்று சொல்ல வேண்டுமானால் படிப்பில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஆய்வுக்கும் ஆய்வுப் பயிற்சிக்கும் தனித்த கற்றலுக்கும் ஒதுங்கியிருக்க வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகமோ படிகளாகவே பிரித்துவிட்டது: பாடங்களால் மட்டும் பெறும் முதுமாணி 9, பாடத்தோடு ஆய்வும் சேர்ந்தது 10, எம்.ஃபில். 11, கலாநிதிப் பட்டம் (நம் முனைவர் பட்டம்) 12. நான்கு பருவத்தில் ஒரு பருவம் ப்ராஜெக்ட் செய்த என் மாணவிக்கு விடை கிடைத்துவிட்டது. பாடம் என்ற கட்டத்தில் குறியிடச் சொன்னேன்.

(இதே அளவுகோலை நம் ஊர் எம்.ஃபில். மேல் வைத்துப் பார்த்தால் சங்கடம்தான். ஓர் ஆண்டுப் படிப்பில் முதல் பருவம் முழுவதும் ஆய்வு நெறிமுறை உள்ளிட்ட தாள்களுக்கே போய்விட்டது. ஆய்வேட்டுக்கு மிஞ்சியது பாதி. மூன்றில் இரண்டு பங்கு எங்கே? ‘ஆய்வியல் நிறைஞர்’ என்ற பெயரை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.)

ஆகவே நான் முன்வைப்பது: ஆய்வுவழி முதுநிலை. அதற்கு எதிர்ச்சொல்: பாடவழி முதுநிலை.

‘வழி’ நமக்குப் புதிதில்லை. தமிழ்வழிக் கல்வி, அஞ்சல்வழிக் கல்வி என்று சாதாரணமாகச் சொல்கிறோம். எந்த வழியாகப் பட்டம் வந்தது என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு ‘வழி’யே விடை. ஆய்வுவழிப் பட்டம், ஆய்வுவழி மாணவர், ஆய்வுவழிச் சேர்க்கை என்று பெருகவும் இடம் கொடுக்கிறது. ‘ஆராய்ச்சிவழி’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆய்வேடு, ஆய்வாளர், ஆய்வரங்கம் எல்லாம் ஏற்கெனவே குட்டையான வடிவில் நிலைத்துவிட்டதால் அதையே தொடரலாம். ‘வகுப்புவழி’ என்று வந்த யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் ‘வகுப்புவாரி’ என்றாலே இட ஒதுக்கீட்டுப் பேச்சு நினைவுக்கு வரும்.

எழுத்துச் சுருக்கத்தை நம்பி இருக்க முடியாது என்பதற்குச் சென்னையே சான்று. எம்.எஸ். என்றால் மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம். அண்ணன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான் என்றால் பெரும்பாலும் பாடவழி. சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ். என்றால் ஆய்வேடு எழுதிப் பெறும் ஆய்வுவழிப் பட்டம். மூன்றும் ஒரே ஊரில், ஒரே இரண்டு எழுத்தில். ‘ஆய்வுவழி’ என்ற ஒரு சொல் முன்னால் நின்றால் குழப்பம் தீரும்.

கடைசியாக ‘கேண்டிடேச்சர்’, அதாவது ஒருவர் ஒரு பட்டத்துக்கு ஆய்வு மாணவராக இருப்பது. விதிகளில் பக்கத்துக்கு நான்கு முறை வரும் சொல் இது. ‘வேட்பாளர்மை’ வேண்டாம், வேட்பாளர் தேர்தலுக்குப் போய்விட்டார். ஆய்வு மாணவர்கள் வாயில் இருப்பது ‘பதிவு’: பதிவு பண்ணிட்டேன், பதிவு முடியப்போகுது, பதிவை நீட்டிச்சிட்டாங்க. அதனால் ‘ஆய்வுப்பதிவு’ என்று வைக்கலாம் என நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்

•

இரண்டு நாள் கழித்து

நண்பர்களுக்கு வணக்கம். குறிப்பாக யாழ்ப்பாணத்து அக்காவுக்கு நன்றி. அவருடைய மடலிலிருந்து இரண்டு பத்தியை எடுத்து இங்கே வைக்கிறேன்.

> தம்பி, ‘ஆய்வுவழி’ நல்ல சொல். நான் ஏற்றுக்கொள்ளுறன். ஆனா ‘முதுநிலை’ எங்களுக்குப் பட்டத்தின்ர பேர் இல்லை. நாங்கள் முதுமாணி எண்டுதான் எழுதுவம். உங்கட சொல்லை எங்கட பிள்ளைகள் அப்பிடியே எடுக்கமாட்டினம்.

> பதிவு எண்டது சரிவராது. இங்க ஒவ்வொரு வருசமும் பதிவைப் புதுப்பிக்க வேணும், காசும் கட்ட வேணும். அந்தப் பதிவும் நீங்கள் சொல்லுற நிலையும் ஒண்டில்லை. பதிவு புதுப்பிக்காமல் விட்டாலும் அந்த ஆள் ஆய்வு மாணவர்தான், கொஞ்சக் காலத்துக்கு.

முதல் கருத்துக்கு என் விடை எளிது. ‘ஆய்வுவழி’ என்பதை மட்டும் பொதுவாக நிறுத்திக்கொள்வோம். பின்னால் வருவது அந்தந்த நாட்டு வழக்கப்படி இருக்கட்டும்: ஆய்வுவழி முதுநிலை, ஆய்வுவழி முதுமாணி. சொல்லின் பாதியைச் சேர்ந்து வைத்திருந்தாலே இரு கரையிலும் ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியும். நான் முழுச்சொல்லையும் ஒன்றாக்கப் பார்த்தது தவறு.

இரண்டாவது கருத்து என்னை நேற்று இரவு முழுக்க யோசிக்க வைத்தது. அக்கா சொல்வது சரி. ஆஸ்திரேலிய விதிகளிலும் பருவந்தோறும் பெயரைப் பதிவது வேறு, இந்த நிலை வேறு. பதிவு என்பது ஒருநாள் செய்யும் செயல். நமக்கு வேண்டியது, சேர்ந்த நாள் முதல் பட்டம் பெறும்வரை அந்த மாணவர் இருக்கும் நிலைக்கு ஒரு பெயர். அந்த நிலையை உறுதிசெய்வார்கள், நிறுத்திவைப்பார்கள், நீட்டிப்பார்கள். காலம் கடந்தால் அது போய்விடும்.

இப்போது நான் சொல்வது ஆய்வாளர்நிலை.

சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்தால் எதுவும் நன்றாகத்தான் தெரியும். விதி வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். நம் 2016 விதிகளின் பொருளை என் நடையில் எழுதுகிறேன்:

“ஆய்வியல் நிறைஞர் ஆய்வாளர்நிலை குறைந்தது ஓராண்டும் மிகுந்தால் ஈராண்டும் நீடிக்கும். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆய்வாளர்நிலையை மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம். பெண்கள் தம் ஆய்வாளர்நிலைக் காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம்.”

இடறாமல் படிக்க முடிகிறது. இதே இடத்தில் ‘பதிவு’ என்று போட்டால் இரண்டாம் வாக்கியம் தாங்குகிறது, மூன்றாவது தாங்கவில்லை. இங்கிலாந்திலும் இலங்கையிலும் எம்.ஃபில். மாணவராகத் தொடங்கியவர் நடுவில் முனைவர் பட்டத்துக்கு உயர்வது உண்டல்லவா, அதையும் எழுதிப் பார்த்தேன்: “முதலாண்டு முன்னேற்ற அறிக்கை ஏற்கப்பட்டால், மாணவரின் ஆய்வாளர்நிலை முனைவர் பட்டத்துக்கு உயர்த்தப்படும்.” பொருந்துகிறது.

மதுரை நண்பர் ஒருவர் தனிமடலில், ஆய்வாளர் என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறதே என்று கேட்டார். வெளியே அப்படித்தான். ஆனால் பல்கலைக்கழக வளாகத்துக்குள் முனைவர் பட்ட ஆய்வாளர் என்ற தொடர் அன்றாடம் புழங்குவது. நுழைவாயில் பலகை முதல் பேருந்துச் சலுகைச் சீட்டு வரை பார்த்திருக்கிறேன். விதிப் புத்தகத்தில் குழப்பம் வராது.

பாடவழிக்கு இணையாக ‘கற்கைவழி’ என்று இலங்கை நண்பர்கள் இருவர் எழுதியிருக்கிறார்கள். அதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளலாம். ஒன்றை வெட்டி ஒன்றை வைக்க வேண்டிய இடம் இது இல்லை. இலங்கையின் 10ஆம் நிலை போல இரண்டும் கலந்ததற்கு ‘கலப்புவழி’ என்று கோவை ஐயா சொன்னது எனக்கு முழு உடன்பாடு.

தொகுப்பாளருக்கு: நம் கலைச்சொல் பட்டியலில் ஆய்வுவழி, பாடவழி (கற்கைவழி), கலப்புவழி, ஆய்வாளர்நிலை ஆகியவற்றை ஏற்றிவிடுங்கள். ‘ஆய்வியல் நிறைஞர்’ என்பதற்கு எதிரே ‘இந்தியாவில் முதுநிலைக்குப் பின் வழங்கப்பட்ட எம்.ஃபில். பட்டம் மட்டும்’ என்று ஒரு குறிப்புப் போடுங்கள். ‘முதுதத்துவமாணி’க்கு எதிரே ‘இலங்கை எம்.ஃபில்., 11ஆம் நிலை’ என்று இருக்கட்டும்.

ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் நெறியாளரா மேற்பார்வையாளரா என்ற கேள்வியை இந்த இழையில் இழுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மேற்பார்வையாளர் என்றால் கட்டட வேலை நடக்கும் இடம் நினைவுக்கு வருகிறது. நெறியாளர் என்றால் இப்போது தொலைக்காட்சி விவாதத்தை நடத்துபவர் நினைவுக்கு வருகிறார். இலங்கையில் மேற்பார்வையாளர்தான் நிலைத்த வழக்கு. ஓர் இணைப் பேராசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு எம்.ஃபில்., ஆறு முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றிருந்த 2016 விதியை மொழிபெயர்க்கும்போது அந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஞாயிற்றுக்கிழமை தனி இழையாகத் தொடங்குகிறேன். அக்கா அங்கேயும் வர வேண்டும்.

அன்புடன்