மறு: எஞ்சின் ‘சீஸ்’ ஆவதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். எஞ்சினுக்குள் பிஸ்டன் (சிலிண்டர் குழலில் மேலும் கீழும் ஓடும் உருளை) நகராமல் மாட்டிக்கொள்வதை ஆங்கிலத்தில் சொல்வது போல (seize) ‘சீஸ்’ என்றே எழுதிவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பதினோரு வருடம் நின்ற கார், எஞ்சினுக்குள் சீஸ்’ என்று எழுதியதை என் மகள் படித்துவிட்டு, பீட்சாவில் போடுவது அங்கே எப்படிப் போனது என்று கேட்டாள்.

> ‘பற்றிக்கொள்ளல்’ பொருந்துமா?

வேண்டவே வேண்டாம். எஞ்சின் பற்றிக்கொண்டது என்றால் அக்கம்பக்கத்தார் வாளியோடு ஓடிவருவார்கள்.

> ‘இறுகல்’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் பட்டறையில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. நட்டு இறுகினால்தான் நல்லது. அதே சொல்லால் கோளாறையும் குறித்தால் பழகுபவன் குழம்புவான்.

நான் முன்வைப்பது ‘கவ்வல்’. நான் உருவாக்கியதில்லை, மெக்கானிக் வாயிலிருந்து எடுத்தது. மாமாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சென்னையில் தயாரான பழைய 948 சிசி வண்டி, கொட்டகையில் பதினோரு மழைக்காலம் நின்றது. அந்த வண்டியில் பானெட்டோடு முன் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். மெக்கானிக் நான்கு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்ற முன் புல்லி நட்டில் ஸ்பானரை மாட்டி அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. டார்ச்சை ஒவ்வொரு துளையாகக் காட்டிவிட்டு, “மூணாவதுல கவ்விக்கிட்டு நிக்குது” என்றார். மற்ற மூன்றும் கறுப்பாக இருந்தன. மூன்றாவதில் மட்டும் செங்கல் நிறம்.

ஏன் ஒன்று மட்டும்? நான்கு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவதொரு சிலிண்டரின் வால்வு திறந்தேதான் இருக்கும். ஈரக்காற்று அந்த வழியாக உள்ளே போகிறது. சிலிண்டரின் வார்ப்பிரும்புச் சுவரும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் தொடும் இடத்தில் துரு பூக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். இடுக்கில் அது பருக்கும்போது ரிங் நகர முடியாமல் போகிறது. பிறகு சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைக் கழற்றியபோது, சுவரில் ரிங் நின்ற இடத்தைச் சுற்றிப் பேனாவால் வரைந்தது போல ஒரு பழுப்புக் கோடு இருந்தது.

இதே ‘சீஸ்’ என்ற சொல்லைத்தான் ஓடும்போது எண்ணெய் வற்றி நின்றுபோன எஞ்சினுக்கும் சொல்கிறோம். அது வேறு நோய். அலுமினிய பிஸ்டன் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடைவெளி போய், எண்ணெய்ப் படலமும் இல்லாமல், உலோகம் உலோகத்தை உரசி ஒட்டிக்கொள்கிறது. ஆறியதும் சில நேரம் தானே விட்டுக்கொடுக்கும், ஆனால் சுவரில் கீறல் விழுந்திருக்கும். துருவால் நின்றது எவ்வளவு நாள் ஆறினாலும் விடாது. வைத்தியமே வேறு என்கிறபோது பெயரும் வேறாக இருக்கட்டுமே: துருக்கவ்வல், சூட்டுக்கவ்வல். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் நாமும் குழப்ப வேண்டியதில்லை.

‘துருப்பிடிப்பு’ போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். கதவுக் கீலும் துருப்பிடிக்கிறது, ஆனாலும் கிறீச்சிட்டுக்கொண்டு திறக்கிறதே! நகராமல் போவதுதான் இங்கே பொருள்.

வினையாகவும் சொல் நன்றாக ஓடுகிறது: பிஸ்டன் கவ்விவிட்டது, கவ்வலை எடுக்க வேண்டும், கவ்வல் விட்டது. பெயர்ச்சொல்லாக மட்டும் நின்று வினை தராத கலைச்சொல்லைப் பட்டறையில் யாரும் சீந்த மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. இடுக்கில் இறங்கித் துருவை இளக்கும் எண்ணெய்க்கு ‘ஊடுருவு திரவம்’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். ராணுவச் செய்தி போல இருக்கிறது. ‘ஊறெண்ணெய்’ என்போமே? ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. செய்யும் வேலையும் ஊறுவதுதான். நாங்கள் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் சரிபாதி கலந்து பிளக் துளையில் ஊற்றி, ஒன்பது நாள் ஊறவிட்டோம். பத்தாம் நாள் ஸ்பானர் நகக்கண் அளவு அசைந்தது. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித்தான் முழுச்சுற்று வந்தது. நான் பொறுமையிழந்து, கியரில் போட்டுத் தள்ளலாமா என்றேன். ரிங் உடைந்தால் உங்கள் செலவு என்றார் மெக்கானிக்.

ஒரு ஐயம் மட்டும் மிச்சம். வெகுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டும் துருவால் ஃபிளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) ஒட்டிக்கொள்கிறது. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டுவதும் அப்படித்தான். அவற்றையும் துருக்கவ்வலில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே ஒன்றுக்குள் ஒன்று சிக்கவில்லை, முகத்தோடு முகம்தான் ஒட்டுகிறது, அதற்கு ‘ஒட்டல்’ போதும் என்று தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.