லினக்ஸ் ஹோஸ்டிங்குக்கு மாறியபின் சில கோப்புகள் ஏறவே மாட்டேங்குது, சிலது ஏறியும் 404: உதவி தேவை

நூலகத்தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். எங்க ஊர் நூலக விழாப் பேச்சு, பட்டிமன்றம் எல்லாத்தையும் எம்பி3 கோப்பா ஒரு தளத்தில் வச்சிருக்கோம். பல வருஷமா விண்டோஸ் சர்வர்ல இருந்தது. வாடகை ஏறினதால இப்போ ஒரு லினக்ஸ் ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு மாத்துறோம். கோப்புப் பெயர் எல்லாம் தமிழ்லதான் இருக்கு.

பாதியை நான் விண்டோஸ் கணினியிலிருந்து ஃபைல்ஜில்லாவில் (சர்வருக்குக் கோப்பு ஏத்துற மென்பொருள்) ஏத்துறேன். மீதியை நண்பர் ஒருத்தர் அவரோட பழைய மேக்கில் இருந்து எஸ்எஃப்டிபி (பாதுகாப்பா கோப்பு அனுப்புற வழி) கட்டளை வழியா ஏத்தினார்.

நான் ஏத்துறதுல சிலது சிவப்பில் "கிரிட்டிக்கல் ஃபைல் டிரான்ஸ்ஃபர் எரர்" காட்டி நின்னுடுது. எத்தனை முறை ரீட்ரை கொடுத்தாலும் அதே கோப்புகள்தான். நண்பர் ஏத்தினதில் எந்த எரரும் வரல, கோப்புகள் சர்வரில் கண்ணுக்குத் தெரியுது, ஆனா தளத்தில் சொடுக்கினா சிலதுக்கு 404, அதாவது கோப்பு இல்லைன்னு வருது. ஹோஸ்டிங் கம்பெனியில் கேட்டா "உங்க நெட் சரியில்லை"ன்னு டிக்கெட்டை மூடிட்டாங்க.

பொட்டிக்கடை:
ஃபைல்ஜில்லாவில் இணைப்பு முறையை பேசிவ் மோடுக்கு மாத்திப் பாருங்க. ஃபயர்வால் தடுக்கலாம். ஃபோல்டருக்கு 755 பெர்மிஷன் (எழுதும் அனுமதி) இருக்கான்னும் பாருங்க. இல்லேன்னா கோட்டா (உங்களுக்கு ஒதுக்கின இடம்) முடிஞ்சிருக்கும்.

செர்வர்சாமி:
பொட்டிக்கடை அண்ணே, மூணுமே இங்கே பொருந்தாதுன்னு நினைக்கிறேன். பேசிவ் மோடு சிக்கல்னா ஃபோல்டர் பட்டியலே வந்திருக்காது, ஏன்னா பட்டியலும் அதே டேட்டா கனெக்‌ஷன்லதான் வருது. பெர்மிஷன்னா அந்த ஃபோல்டரில் ஒண்ணுமே ஏறாது. கோட்டா நிறைஞ்சா பொதுவா 552-ங்கிற பிழை எண் வரும், அதுவும் ஒரு கட்டத்துக்கு மேல எல்லாமே நிக்கும். இங்கே குறிப்பிட்ட சில கோப்புகள் மட்டும், ஒவ்வொரு முறையும் அதேதான். நெட் மேல பழி போடுறதுக்கு இதுல இடமே இல்ல.

தம்பி, அந்தச் சிவப்பு வரிக்கு மேல சர்வர் அனுப்பின பதில் ஒண்ணு இருக்கும், மூணு இலக்க எண்ணோட. அதைப் போடுங்க. 4-ல் ஆரம்பிச்சா தற்காலிகம், திரும்ப முயன்றா சரியாகலாம். 5-ல் ஆரம்பிச்சா சர்வர் கண்டிப்பா முடியாதுன்னு சொல்லுது, ரீட்ரை வீண். கூடவே ஏறின கோப்பு, ஏறாத கோப்பு, 404 வர்ற கோப்பு, வராத கோப்பு எல்லாத்துலயும் பெயரைச் சுருக்காம ஒண்ணு ரெண்டு கொடுங்க.

நூலகத்தம்பி:
நன்றிங்க. எண் 553, பக்கத்தில் "ஃபைல் நேம் டூ லாங்"னு இருக்கு. ஆனா விண்டோஸில் இதே பெயர் இத்தனை வருஷம் இருந்ததே?

ஏறினது: பொங்கல் விழா பட்டிமன்றம் 2011 இரண்டாம் நாள் நடுவர் தீர்ப்பும் பரிசளிப்பும் முழு ஒலிப்பதிவு.எம்பி3

ஏறாதது: அதே பெயர், கடைசியில் "பகுதி 2" மட்டும் கூடுதல்.

நண்பர் ஏத்தினதில் 404 வர்றது: கோயில் வரலாறு, சொற்பொழிவு 3, நாட்டுப்புறப் போட்டி. சரியா ஓடுறது: திருக்குறள் விளக்கம், சிறுவர் கதை நேரம், பாரதி விழா.

செர்வர்சாமி:
அருமை, பெயரைப் பார்த்ததுமே ரெண்டும் பிடிபட்டுடுச்சு. ரெண்டும் வேற வேற கோளாறு.

முதல்ல நீளம். வட்டில் கோப்பை வைக்கிற முறை ரெண்டுலயும் வேற. விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 எழுத்துக்குறி வரை விடும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4-ல் எல்லை 255 பைட். ஆங்கில எழுத்து ஒண்ணுக்கு ஒரு பைட், அதனால அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எழுத்தைப் பைட்டா மாத்துற யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட். அதுவும் புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி. "க்" நமக்கு ஒரு எழுத்து, சர்வருக்கு 6 பைட். ஆக முழுக்கத் தமிழ்னா 85 குறியோட கதை முடிஞ்சது.

உங்க பெயரை உட்கார்ந்து எண்ணினேன் (எனக்கும் வேற வேலை இருக்கு!). கோப்பில் ஆங்கிலத்தில் இருக்கிற எம்பி3-க்கும் அதுக்கு முன்னால இருக்கிற புள்ளிக்கும் சேர்த்து 4 பைட். "பகுதி 2" இல்லாம 246 பைட், தப்பிச்சுது. சேர்த்ததும் 264. ஒன்பது பைட் அதிகம். விண்டோஸ் கணக்கில் இதுவே 102 குறிதான், அது ஏன் குறை சொல்லப் போகுது? இதுக்கு செட்டிங் எதுவும் கிடையாது, பெயரைச் சுருக்கணும்.

அடுத்தது 404. வர்ற பெயர்களைப் பாருங்க: கோ, சொ, பொ, போ. ஓடுற பெயர்களில் ஒகர ஓகாரமே இல்ல. "கோ"-வை ரெண்டு விதமா சேமிக்கலாம். க-வும் "ோ" என்ற ஒரே குறியும், 6 பைட். இல்லேன்னா க, இரட்டைக் கொம்பு, கால் எனப் பிரிச்சு, 9 பைட். கண்ணுக்கு ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான். நாம தட்டச்சுறப்போ பெரும்பாலும் முதல் வகை விழும். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு இதைப் பிரிச்சுத்தான் வச்சுக்கும். அதுக்குப் பதிலா 2017-ல் வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிக்காது, கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். நண்பரோட மேக் பழசுன்னு சொன்னீங்களே, அதுதான். லினக்ஸ் பைட்டை மட்டும்தான் பார்க்கும். உங்க எச்டிஎம்எல் சேர்ந்த வடிவைக் கேட்குது, சர்வரில் இருக்கிறது பிரிந்த வடிவு, அதனால 404.

மதுரைக்குசும்பன்:
அடேங்கப்பா, பக்கத்து வீட்டு இரட்டைப் பிள்ளைங்க மாதிரில்ல இருக்கு. அப்ப ஔ-வும் இப்படித்தானா?

செர்வர்சாமி:
ஆமா, ஔ, கௌ ரெண்டும் பிரியும். ஐகாரம், எகரம், ஏகாரம் பிரியாது.

தம்பி, நண்பர் எஸ்எஃப்டிபி பயன்படுத்தினதால எஸ்எஸ்எச் லாகின் (சர்வரில் நேரா கட்டளை கொடுக்கிற வசதி) இருக்க வாய்ப்பு உண்டு. இருந்தா கோப்புப் பெயர்களை வடிவம் மாத்துற "கான்வ்எம்வி"ன்னு ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் இருக்கு, ஹோஸ்டிங்கில் இல்லேன்னாலும் உங்க ஃபோல்டரில் போட்டு ஓட்டலாம். எங்கிருந்து, எங்கே ரெண்டுக்கும் யுடிஎஃப்-8 கொடுத்து, கூட "என்எஃப்சி" (சேர்ந்த வடிவு) ஆப்ஷன் சேருங்க. சும்மா ஓட்டினா எதை எப்படி மாத்தும்னு காட்டும், அவ்வளவுதான். பட்டியலைப் படிச்சுட்டு, "நோடெஸ்ட்" சேர்த்து ஓட்டினாத்தான் நிஜமா மாத்தும். லாகின் இல்லேன்னா அந்தக் கோப்புகளை விண்டோஸ் பிரதியிலிருந்து நீங்களே ஏத்திடுங்க.

பொட்டிக்கடை:
நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும், ஒண்ணு கேளுங்க. படங்களையும் பாருங்க தம்பி. கேமராவில் வர்ற ஜேபிஜி பின்னொட்டு பெரிய எழுத்தில் இருக்கும். விண்டோஸ் சர்வர் பெரிசு சின்னது பார்க்காது, லினக்ஸ் பார்க்கும்.

செர்வர்சாமி:
அண்ணே, இது சரியான அடி. தமிழ்ல பெரிசு சின்னது இல்லாததால பின்னொட்டை யாரும் கவனிக்கிறதில்ல.

நூலகத்தம்பி:
லாகின் இருந்தது. கான்வ்எம்வி ஓட்டினேன், கோயில் வரலாறும் சொற்பொழிவும் பேச ஆரம்பிச்சுடுச்சு. அண்ணன் சொன்ன மாதிரி படத்திலும் சிக்கல் இருந்தது, பின்னொட்டைச் சின்ன எழுத்தாக்கிட்டேன். நீளப் பெயர்களில் "முழு ஒலிப்பதிவு" எதுக்குன்னு எடுத்துட்டேன், 553 போச்சு. தளப் பக்கங்களில் இருந்த இணைப்புகளையும் மாத்தியாச்சு.

ஒண்ணு மட்டும் மிச்சம். "நாட்டுப்புறப் போட்டி"யை நான் வேற ஏற்கனவே ஏத்தியிருந்தேன் போல, ஒரே பெயரில் ரெண்டு கோப்பு நிக்குது. கான்வ்எம்வி அதைத் தொடமாட்டேங்குது. எதை அழிக்கிறது?

செர்வர்சாமி:
அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறதால மேலெழுத மறுக்குது, நல்லதுதான். "ரிப்ளேஸ்" ஆப்ஷன் சேர்த்து ஓட்டுங்க, ரெண்டோட உள்ளடக்கமும் ஒண்ணா இருந்தா மட்டும் ஒண்ணாக்கும். அப்பவும் மறுத்தா ரெண்டையும் இறக்கிக் கேட்டுப் பாருங்க, ஒண்ணு பாதியில் நின்ன அப்லோடா இருக்கும்.