புதுப்பிப்பு: இடப்பக்கம் சாய்ந்த என் ரிமோட் ஹெலிகாப்டர்

என் முதல் ரிமோட் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்போதே இடப்பக்கம் நகர்ந்து கவிழ்கிறது என்று மூன்று மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். கருவியில் பழுதில்லை. மேலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் பெரிய விசிறியின் எதிர்விசையால் உடல் திரும்பிவிடாதபடி வால் விசிறி தள்ளுகிற தள்ளலே ஹெலிகாப்டர் முழுவதையும் இடப்பக்கம் நகர்த்துகிறது. ஆகவே அந்தரத்தில் நிற்க அது சற்றே வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தரையை ஒட்டித் தயங்கியதும் என் தவறுதான், ஏனெனில் விசிறி கீழே தள்ளும் காற்று தரையில் மோதிக் கலங்கும் உயரம் அது.

கணினி சிமுலேட்டரில் தினமும் அரைமணி நேரம் பழகிய பின், நுனிகளில் பந்து செருகிய இரண்டு குச்சிகளை ஹெலிகாப்டரின் கால்களுக்கடியில் கவிழாதபடி குறுக்காகக் கட்டி, வால் என் பக்கம் இருக்குமாறு வைத்து மீண்டும் தொடங்கினேன். நேற்று ஒரு நிமிடம் முழுவதும் அசையாமல் நின்றது! மூக்கு நம்மை நோக்கினால் இடவலம் மாறிவிடும் என்பதால் அதை இன்னும் சிமுலேட்டரில் மட்டுமே பழகுகிறேன்.

பறக்கவிடாத நாட்களில் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழுச் சார்ஜில் வைக்காமல், செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள்.