கறை, வெக்கை, வியர்வை: பீரியட்ஸ் நிற்கும் வயதில் எதற்கு டாக்டரிடம் போகணும், எதற்குப் பொறுக்கலாம்?

ஈரோட்டுக்காரி:

வணக்கம். வீட்டில் இரண்டு பேருக்காகக் கேட்கிறேன்.

அக்காவுக்கு 48 வயது. ஒரு வருடமாக பீரியட்ஸ் தாறுமாறு. இரண்டு மாதம் வராது. வந்தால் பத்து நாளைக்குக் குறையாது, கட்டி கட்டியாகப் போகிறது. ராத்திரியில் நைட்டி நனைகிற அளவுக்கு வியர்வை. சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டரிடம் போகாமல் மெடிக்கலில் 'நிறுத்துற மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

மாமியாருக்கு 57. நின்று நாலு வருஷம் ஆச்சு. போன வாரம் ஒரே ஒரு நாள் பாவாடையில் லேசான கறை, அப்புறம் ஒன்றுமில்லை. வலியும் இல்லை.

இரண்டுக்கும் வீட்டில் ஒரே பதில்: "இந்த வயசுல அப்படித்தான், உடம்புச் சூடு." எது நிஜமாகவே அப்படித்தான், எதற்குக் கிளம்பணும்?

ஓபி_வார்டு:

முதலில் கூட்டிப்போக வேண்டியது மாமியாரை. பார்க்க அக்கா பாடுதான் பெரிதாகத் தெரியும், ஆனால் வரிசை இதுதான்.

கடைசி பீரியட்ஸ் வந்து முழுசாக 12 மாதம் ஆன பிறகு எந்த ரத்தம் பட்டாலும் அது பீரியட்ஸ் கிடையாது. ஒரு சொட்டு, ஒரு நாள், இளஞ்சிவப்புக் கறை, பழுப்பு நிறத்தில் வெள்ளைப்படுதல் என எதுவானாலும் காட்டியாக வேண்டும். மறுபடி வருகிறதா பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கர்ப்பப்பை உட்சுவரில் வரும் புற்று ஆரம்பத்தில் காட்டும் அடையாளம் பெரும்பாலும் இந்த வலியில்லாத கறை மட்டும்தான். இந்த நிலையில் கண்டுபிடித்தால் ஆபரேஷனோடு குணமாகிவிடும் வாய்ப்பு மிக அதிகம்.

பயப்படவும் வேண்டாம். இப்படிக் கறை படும் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்குப் புற்று இருக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து உள்தோல் மெலிந்து கசிவதோ, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியோதான் அதிகம். எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அங்கே என்ன செய்வார்கள்: முதலில் கருவியை வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். பிறகு பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன். வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன் போல லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். இதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுத்தான் போகணும். ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை உட்சுவரின் கனம் மில்லிமீட்டரில் இருக்கும். 4 அல்லது அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிம்மதி. அதற்கு மேல் என்றால் பயாப்ஸி. மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டுக் கொஞ்சம் திசு எடுப்பார்கள். சில நிமிட வேலை, பீரியட்ஸ் வலி மாதிரி இழுத்துப் பிடிக்கும், பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது.

கனம் 4-க்குள் இருந்தும் மறுபடி கறை பட்டால், அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அப்போதும் பயாப்ஸி வேண்டும். மார்பகப் புற்றுக்காக டமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு இந்த 4 கணக்கே பொருந்தாது. இன்னொன்று, "பாப் ஸ்மியர் நார்மல்னு போன வருஷம் சொன்னாங்களே" என்பார்கள். அது கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை. உட்சுவருக்கு அதை நம்ப முடியாது.

உடல் எடை அதிகம், சுகர், பிள்ளைப்பேறு இல்லாதது, இளவயதில் சினைப்பை நீர்க்கட்டி, குடும்பத்தில் குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்று, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கொங்குமண்:

எங்க அம்மாயி காலத்துல இதுக்கெல்லாம் எந்த ஆஸ்பத்திரி போனாங்க? வெந்தயத்தை ஊறவெச்சு குடிச்சாங்க, தானா நின்னுச்சு. இப்ப எதுக்கெடுத்தாலும் ஸ்கேன்.

ஓபி_வார்டு:

@கொங்குமண் வெக்கைக்கும் வியர்வைக்கும் நீங்கள் சொல்வது பாதி சரிங்க. நெஞ்சிலிருந்து முகத்துக்குத் தகதகவென்று ஏறி, ஓரிரு நிமிடத்தில் வியர்த்து, பிறகு லேசாகக் குளிரெடுத்து அடங்கினால், தூக்கமும் வேலையும் கெடாதவரை சும்மா விடலாம். ஊறவைத்த வெந்தயம் அளவாக என்றால் பெரும்பாலும் கெடுக்காது. ஆனால் கறை பட்டதை அம்மாயி காலத்தில் வீட்டு ஆண்களிடம் சொல்லும் வழக்கமே கிடையாது. அதனால் எத்தனை பேருக்குத் தானாக நின்றது என்று உங்களுக்கோ எனக்கோ தெரிய வழியில்லை.

மெடிக்கல்_திருச்சி:

அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த 'நிறுத்துற மாத்திரை' அநேகமாக நாரெதிஸ்டெரோன் 5 மி.கி. என்ற ஹார்மோன் மாத்திரை. கோயில், கல்யாணம் என்று தள்ளிப்போட வாங்குவதும் இதைத்தான். சாப்பிடும்வரை உட்சுவர் பிடித்து நிற்கும். விட்டால் இரண்டு மூன்று நாளில் சேர்ந்து கொட்டும். "பார், மறுபடி அதிகமாயிடுச்சு" என்று இன்னொரு அட்டை வாங்குவார்கள், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இடையில் உண்மையான காரணம், ஃபைப்ராய்டோ (கர்ப்பப்பைத் தசைக்கட்டி) பாலிப்போ உட்சுவர்த் தடிப்போ, மறைந்தே இருக்கும். காலில் ரத்தம் உறைந்த வரலாறோ கல்லீரல் கோளாறோ இருப்பவர்களுக்கு இது ஆபத்தும்கூட. இப்போதே பாதியில் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள், கொட்டும். அட்டையோடு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

இரவு வியர்வையைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி ஒன்று: சுகர் மாத்திரை எது? கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகையோ இன்சுலினோ என்றால், ராத்திரி சுகர் இறங்கினாலும் இதே மாதிரி நனையும். கூடவே நடுக்கம், பசி, படபடப்பு. அடுத்த முறை வியர்த்து எழும்போது குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது மெனோபாஸ் (பீரியட்ஸ் நிற்பது) இல்லை, சுகர் இறங்கியிருக்கிறது. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். காலையில் சுகர் டாக்டரைக் கூப்பிட்டு மாத்திரை அளவைப் பேசுங்கள்.

வியர்வையோடு சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி, இதில் ஏதாவது சேர்ந்தால் நம் ஊரில் முதலில் டிபியைப் பார்க்க வேண்டும். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். எடை குறைந்து, கை நடுங்கி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நாடி வேகமாக ஓடினால் தைராய்டு.

மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி ஆகியவற்றோடு வியர்த்தால் வெக்கையா என்று யோசிக்காதீர்கள். 108. அதுவும் சுகர் இருப்பவர்.

ஓபி_வார்டு:

மேலே சொன்னதோடு அக்காவின் ரத்தப்போக்குக்கு அளவுகோல்:

ஒரு பேட் ஒரு மணி நேரத்தில் முழுசாக நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது எழுந்தால் கண் இருட்டினால், அன்றே கேஷுவாலிட்டி. ஏழு நாளுக்கு மேல் போவது, ரூபாய் நாணயத்தை விடப் பெரிய கட்டிகள், 21 நாளுக்குள் திரும்ப வருவது, இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில் கறை, உறவுக்குப் பிறகு ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே ஓபி. மெனோபாஸ் நெருங்கும்போது நாள் தள்ளிப்போவது இயல்பு, அதைத் தனியாக யாரும் நோயாக எடுக்க மாட்டார்கள். பத்து நாள் கட்டி கட்டியாகப் போவது அந்தக் கணக்கில் வராது.

45 தாண்டியவருக்கு இப்படிப் போனால் ஸ்கேனோடு நிறுத்தாமல் உட்சுவர் திசுவும் எடுத்துப் பார்ப்பது முறை. கூடவே ஹீமோகுளோபின் (12-க்குக் கீழே ரத்தசோகை, களைப்பு, படபடப்பு பாதி இதனால்தான் இருக்கும்), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), அப்புறம் சிரிக்காதீர்கள், யூரின் கர்ப்பப் பரிசோதனை. 48-லும் கருத்தரிக்க வாய்ப்பு முழுசாகப் போய்விடாது. 50-க்கு முன் நின்றால் இரண்டு வருடம், 50-க்குப் பிறகு என்றால் ஒரு வருடம் கருத்தடை தேவை.

மெனோபாஸா என்று பார்க்கும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் ரத்தப் பரிசோதனைக்கு 45 தாண்டியவர் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்தக் கட்டத்தில் அது வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். அது தேவைப்படுவது 40-க்கு முன் பீரியட்ஸ் நின்றவர்களுக்கு. அவர்கள் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். அத்தனை சீக்கிரம் ஈஸ்ட்ரோஜன் நின்றால் எலும்பும் இதயமும் அடிபடும். மறுப்பதற்குக் காரணம் ஏதும் இல்லாவிட்டால் அவர்களுக்கு ஹார்மோன் கொடுப்பார்கள், இயல்பாக நிற்கும் வயது வரையாவது.

ஈரோட்டுக்காரி:

ரொம்ப நன்றி. மாமியாரை நாளைக்கே கூட்டிப்போகிறேன். அக்கா தயங்கக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஸ்கேன் கூட எடுக்காமல் "பிள்ளை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார்களாம். சிறுநீர் எரிச்சலும் அடிக்கடி வருகிறது, வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

மெடிக்கல்_திருச்சி:

திசு ரிப்போர்ட் வராமல் ஆபரேஷன் தேதி கொடுத்தால் இன்னொரு டாக்டரிடம் போங்கள். புற்றோ அதற்கு முந்தைய நிலையோ இல்லாதபோது முதலில் வேறு வழிகள் இருக்கின்றன: பீரியட்ஸ் நாட்களில் மட்டும் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, அல்லது கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் சாதனம். இரண்டாவது ரத்தப்போக்கை நன்றாகக் குறைக்கும், பல வருடம் வேலை செய்யும், ஆனால் முதல் சில மாதம் விட்டுவிட்டுக் கறை படும்; அதைப் பார்த்துப் பயந்து எடுத்துவிடுவார்கள். ஆபரேஷன்தான் என்று முடிவானால் "சினைப்பைகளையும் எடுப்பீர்களா, ஏன்?" என்று கேளுங்கள். இரண்டையும் எடுத்தால் மறுநாளே மெனோபாஸ். படிப்படியாக வருவதை விட வெக்கை கடுமையாக இருக்கும்.

எரிச்சலுக்கு முதலில் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது). ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். சுகரும் காரணமாகலாம், ஈஸ்ட்ரோஜன் குறைந்து அங்கே தோல் வறண்டு மெலிவதும் காரணமாகலாம். வெக்கை வருடங்கள் போனால் அடங்கும். இந்த வறட்சி அடங்காது, கூடும். எஸ்ட்ரியால் என்று ஒரு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு. பொதுவாக இரண்டு வாரம் தினமும் இரவு, பிறகு வாரம் இரண்டு முறை. பிறப்புறுப்புக்குள் வைப்பது, உடம்பில் ஏறும் அளவு மிகக் குறைவு. ஆனால் அக்காவின் ரத்தப்போக்குக்குக் காரணம் தெரிந்த பிறகுதான் எந்த ஹார்மோனும்.

ஓபி_வார்டு:

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: கடைசி ஆறு மாதத்துத் தேதிகள், நாளுக்கு எத்தனை பேட், எல்லா மாத்திரை அட்டைகளும் (சித்த, ஆயுர்வேத மருந்து உட்பட), பழைய ஸ்கேன். மாமியாருக்குக் கறை பட்ட தேதி, அதன் நிறம். மூலமோ சிறுநீரில் ரத்தமோ என்று குழப்பமிருந்தால் அதையும் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை மகளிர் ஓபிக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். மாமியாருக்கு இன்றைக்குக் கறை இல்லையே என்று யாராவது திருப்பி அனுப்பினால், "நின்று நாலு வருஷம், ரத்தம் பட்டது, உட்சுவர் கனம் பார்க்கணும்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள்.