பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி அடுக்குமாடி: ஆட்சேப மனு எப்படி எழுதுவது?

பெரும்பாக்கம்வாசி கேட்கிறார்:

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், சதுப்பு நிலத்தை ஒட்டிய காலி மனையைச் சுற்றிப் பச்சைத் தகரம் அடித்துவிட்டார்கள். இரவானால் டிப்பர் லாரிகளில் கட்டட இடிபாடு வந்து கொட்டப்படுகிறது. நான்கு பிளாக்குகள், பதினெட்டு மாடிகள், "சதுப்பு நிலக் காட்சி" உள்ள வீட்டுக்குத் தனி விலை என்று விற்பனையாளர் சொல்கிறார். 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பக்கத்து மனை மேடானால் அந்தத் தண்ணீரும் எங்களிடம்தானே வரும்?

"நீங்களும் ஃபிளாட்டில்தானே இருக்கிறீர்கள், அம்மா?" என்கிறார் அவர். இருக்கிறேன்தான். அதற்காக அடுத்தவர் மழைநீரையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேனா?

பூநாரை, கூழைக்கடா, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து எல்லாம் சேர்த்து மூன்று பக்க மனு தயார். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். கூட்டம் எப்போது என்று யாருக்காவது தெரியுமா?

பழைய சர்வேயர்:

கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள் அம்மா, வராது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இத்தகைய கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். ஆனால் அதன் பரிசீலனை மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் மேஜையில் சத்தமில்லாமல் முடிந்துவிடும். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் பதிவாகும் பரிவேஷ் இணையதளத்தில் கோப்பைத் தேடுங்கள். நிலுவையில் இருந்தால் மனுவை இப்போதே அனுப்புங்கள். அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள்.

பறவைகளைக் கடைசிப் பத்திக்கு அனுப்பிவிடுங்கள். முதல் வரியில் சர்வே எண் வர வேண்டும். கிராம வரைபடம், 'அ' பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையாளரும் உள்ள கிராமப் பதிவேடு), புல வரைபடம் மூன்றையும் வாங்கி, ராம்சார் எல்லை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். "இது பட்டா நிலம், காடு இல்லை" என்பார்கள். சதுப்பில் காப்புக்காடாக உள்ள பகுதி சிறியது, 2022இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டதோ 1,247.54 ஹெக்டேர். அந்த இடைவெளியில்தான் இந்த வாதம் பிழைக்கிறது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளில் 4ஆம் விதியைப் படியுங்கள். ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது. பத்தாண்டு சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அந்த விதி கேட்கவில்லை.

உங்களுக்கு முக்கியமான காகிதம் இன்னொன்று. வெள்ள அபாயம் குறித்து நீர்வளத் துறை தரும் தடையின்மைச் சான்று. மனையை இத்தனை மீட்டர் உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று அதில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும். கட்டுபவருக்கு அது பாதுகாப்பு; பள்ளத்தில் இருக்கும் உங்களுக்கு அதுவே வெள்ளம். தென்சென்னையின் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. வெளியேறும் வாய் குறுகியது, ஆகவே தண்ணீர் தேங்கி நிற்க இடம் வேண்டும். கொட்டுகிற ஒவ்வொரு லோடும் அந்த இடத்தைத் தின்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். நான் சங்கிலி இழுத்த காலத்தில் மட்டம் பார்க்காமல் யாரும் மண் கொட்ட மாட்டார்கள். இப்போது கொட்டிவிட்டுத்தான் மட்டம் பார்க்கிறார்கள்.

அரை கிரவுண்டு:

எல்லோரும் ஆட்சேபியுங்கள், நன்றாக இருங்கள். ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை, ஆய்வு முடியும்வரை புதிய அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தீர்ப்பாயம் சொன்னதில் என் அரை கிரவுண்டு மனையும் மாட்டிக்கொண்டது. பதினெட்டு மாடிக்கும் என் ஒற்றை மாடிக்கும் ஒரே தடையா? சதுப்பு நிலத்திலேயே பெருங்குடிக் குப்பைமேட்டை வளர்த்தவர்களிடம் யார் மனு கொடுத்தீர்கள்?

பழைய சர்வேயர்:

உங்கள் கோபம் நியாயம். குப்பைமேட்டை எதிர்த்தும் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்திருக்கிறது, அது வேறு கதை. ராம்சார் எல்லையும், சதுப்பைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியான தாக்கப் பகுதியும் சர்வே எண் வாரியாக வெளியாகும்வரை உங்களைப் போன்றவர்கள்தான் நசுங்குவீர்கள். வரையறையை விரைவில் முடிக்கச் சொல்லி நீங்களும் எழுதுங்கள். அம்மா, அந்த உத்தரவு புதிய அனுமதிகளுக்கானது. உங்கள் பக்கத்து மனைக்காரர் கையில் ஏற்கெனவே அனுமதி இருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள்.

பெரும்பாக்கம்வாசி:

பரிவேஷில் கிடைத்துவிட்டது, கோப்பு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது! படிவத்தில் அருகிலுள்ள நீர்நிலை என்ற இடத்தில் பெரும்பாக்கம் ஏரியை மட்டும் எழுதியிருக்கிறார்கள். சதுப்பு நிலத்தின் பெயரே இல்லை. விளம்பரத்தில் மட்டும் அதன் காட்சியை விற்கிறார்கள்.

பழைய சர்வேயர்:

அப்படியானால் மூன்று பக்கம் தேவையில்லை. முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைத்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று 2006 அறிவிக்கையின் 8ஆம் பத்தி சொல்கிறது. படிவத்தின் அந்தப் பக்கம் ஒரு இணைப்பு, விளம்பரத் துண்டுப் பிரசுரம் இன்னொரு இணைப்பு. மனுவை நிபுணர் குழுவுக்கும் மாநில ஈரநில ஆணையத்துக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சி.எம்.டி.ஏ.) பட்டுவாடாச் சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். லாரி வரும்போது தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டு மாடியிலிருந்தே எடுங்கள், தகரத்துக்கு உள்ளே போக வேண்டாம்.