ரோமில் கர்பதெல்லா பகுதியில் தங்கலாமா?

கார்த்திக்:
அம்மா அப்பாவோடு ரோம் போகிறோம். கொலோசியம் பக்கம் வாடகை கட்டுப்படியாகவில்லை. கர்பதெல்லாவில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். "அது பழைய தொழிலாளர் குடியிருப்பு, அங்கே என்ன இருக்கிறது?" என்கிறார் நண்பர். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

மாலதி:
தாராளமாகத் தங்குங்கள். மெட்ரோ பி லைனில் கொலோசியம் மூன்றாவது ஸ்டேஷன்தான்.

தொழிலாளர் குடியிருப்பு என்பதுதான் அந்த ஊரின் பெருமையே. 1920 பிப்ரவரி 18 அன்று மன்னர் மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்வெட்டு பெனெதெத்தோ பிரின் சதுக்கத்தில் இருக்கிறது, அங்கிருந்து நடக்க ஆரம்பியுங்கள். பக்கத்து ஓஸ்தியென்சேயின் ஆலைகளில் உழைத்தவர்களுக்காகத் தோட்டநகர் பாணியில், அதாவது தாழ்வான வீடுகளும் பசுமையும் கலந்து இருக்கும்படி, திட்டமிட்டது. வீட்டுத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் 'லோட்டோ' என்று பெயர், ஒரு எண்ணும் உண்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவான முற்றம். அங்கேதான் மரம், பெஞ்சு, துணி காயப்போடும் கம்பி எல்லாம். நான் கட்டடக்கலை படித்தவள். கூலிக்காரக் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் வாசல் வளைவுக்கும் சன்னல் விளிம்புக்கும் இத்தனை அக்கறை காட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

செல்வம்:
அழகோடு நிறுத்தாதீர்கள். முசோலினி காலத்தில் நகரின் நடுவில் வீடுகளை இடித்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து விட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

மாலதி:
உண்மை. அவர்களுக்காக 1920களின் கடைசியில் 'அல்பெர்கோ' என்ற பெரிய கட்டடங்கள் எழுந்தன. பெயர்தான் ஓட்டல், வீடு இழந்த குடும்பங்கள் தற்காலிகமாகத் தங்கிய இடம். அவற்றை வடிவமைத்தவர் இன்னொச்சென்சோ சப்பாத்தினி. மணிக்கூண்டு வைத்த சிவப்புக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பல்லாதியம் என்ற நாடக அரங்கும் அவர் வேலைதான். முதல் வீடுகளின் தாழ்வான அளவையும் இவற்றின் உயரத்தையும் ஒப்பிட்டாலே போதும், சில வருடங்களில் நெருக்கடி எவ்வளவு கூடியது என்று புரியும். அப்புறம், 1944 மார்ச்சில் நேச நாடுகளின் குண்டுவீச்சிலும் இந்தப் பகுதி அடிபட்டது.

கார்த்திக்:
ரொம்ப நன்றி அக்கா. முற்றங்களுக்குள் போகலாமா? அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு.

மாலதி:
பகலில் பல முற்றங்களின் கேட் திறந்துதான் இருக்கும். ஆனால் அது மக்கள் குடியிருக்கும் இடம்; யாராவது உட்கார்ந்திருந்தால் ஒரு 'புவோன்ஜோர்னோ' சொல்லிவிட்டுப் போங்கள், சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். மேடும் படிக்கட்டுமான இடம், அதனால் வீட்டை உறுதி செய்யும் முன் எத்தனை படி, லிஃப்ட் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.